இரைச்சல் நீக்கம்

முதலில் பெயர்கள்தான் வந்தன. கடை பூட்டியிருந்துச்சு என்பது அப்புறம்தான், அதை இப்போது எடுக்காதே, வரிசையாக நினை, வரிசையாக நினைத்தால் ஒன்றுமே இல்லை என்று ஆனாலும் ஆகிவிடும். மணி பதினொன்றே கால். கதவு சாத்தியிருக்கிறது, ஃபேன் நிறுத்தியிருக்கிறது, தெருச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறேன், காதில் ஹெட்ஃபோன், மூக்குக்கு நேரே மைக், கம்ப்யூட்டர் திரையில் இரண்டு சதுரம், ஒன்றில் கோயம்புத்தூர் நவநீதன், இன்னொன்றில் நாகர்கோவில் ஜெமிமா, இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு. என் பாட்காஸ்டில் ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, இது என் சட்டம், என் மகள் இந்து பூனாவிலிருந்து சொல்லிக்கொடுத்த சட்டம். அம்மா, வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிஞ்சு வெச்சுக்கோ, அந்த நிமிஷத்தை சாஃப்ட்வேருக்குக் காட்டி இதுதான் இரைச்சல்னு சொல்லு, எபிசோடு முழுக்க அந்த மாதிரி எது கேட்டாலும் அதுவே கூட்டி எடுத்துரும். கூட்டி எடுத்துவிடும். இருபத்திரண்டு எபிசோடாக அப்படித்தான் கூட்டி எடுத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தை ஒருநாளும் நான் கேட்டதில்லை, வெறும் அறையை எவள் உட்கார்ந்து கேட்பாள். இன்றைக்குக் கேட்டேன். போன எபிசோடுக்கு ஒருவன் எழுதியிருந்தான், மேடம் கொஞ்ச மாசமா ஆம்பளைங்க குரல் எல்லாம் தகர டப்பாவுக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கே என்று. ஆம்பளைங்க பேச்சே அப்படித்தான் தம்பி என்று பதில் போட்டேன், நிறைய பேர் சிரித்து வைத்தார்கள், ஆனாலும் உள்ளே உறுத்தியது, அதனால் இன்றைக்கு அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மைக்கின் திருகை முழுக்கத் திருப்பிவைத்துக் காதைக் கொடுத்தேன். ஒரு காக்கை. கீழ் வீட்டு மிக்ஸி. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், என் வீட்டுக்காரர், எங்கள் அபார்ட்மென்ட் வீடுகளை வரிசையாக ஒப்பித்துக்கொண்டு. “ஏ ஒண்ணு ஆசீர்வாதம் சார். ஏ ரெண்டு காலி. ஏ மூணு டீச்சரம்மா. டீச்சரம்மா பேரு. டீச்சரம்மா பேரு.” நிறுத்தம். “மக இந்து. மாப்பிள்ளை. மாப்பிள்ளை பேரு, மாப்பிள்ளை பேரு.” நிறுத்தம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு குரலில், எனக்குப் பதில் சொல்கிற அந்தக் குரலில்: “கடை பூட்டியிருந்துச்சு வத்சலா. அதான் வாங்கல.” மறுபடி, இன்னும் கொஞ்சம் சாதாரணமாக: “கடை பூட்டியிருந்துச்சு.”

நிமிஷம் முடிஞ்சுதுங்க்கா என்றான் நவநீதன். அவனுக்குக் கேட்டிருக்காது, அந்த ஒரு நிமிஷம் ஒருவர் சத்தம் ஒருவருக்குப் போகாது, அவரவர் அறையை அவரவர் பதிய வேண்டும். வணக்கம், ‘ஷெட்டுச் சத்தம்’ பாட்காஸ்ட், இது உங்கள் வத்சலா பசுபதி, திருச்சி பொன்மலையிலிருந்து. என் வாய் பேசிக்கொண்டு போகிறது. பழக்கப்பட்ட வாய், கான்வென்ட்டில் சிஸ்டர் டோலோரஸ் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்த வாய், நான் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். உன் நாக்கு உனக்கு முன்னாடியே நரகத்துக்குப் போய் உனக்கு இடம் பிடித்து வைக்கும் என்று அந்த சிஸ்டர்தான் சொன்னார். காரேஜ் பங்க் கேட்கிறாயாமே அது என்ன இழவு என்று என் தங்கை ஒருதடவை கேட்டாள். கார் ஷெட்டில் மூன்று பையன்கள், பாதி கிழிந்த ஸ்பீக்கர், கிட்டாரில் மூன்றே மூன்று ஸ்வரக்கட்டு, கார்டு என்பார்கள், அதிலும் ஒன்று தப்பு, அவசரம், கோபம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றேன். உன் சமையல் மாதிரின்னு சொல்லு என்றாள். ப்ளஸ் டூ படிக்கும்போது ரயில்வே காலனியில் கூடப் படித்த டெனிஸ் வீட்டு ஷெட்டில் அவளுடைய அண்ணன்கள் வாசித்ததைக் கேட்டபோதுதான், நான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்த அத்தனை மரியாதை கெட்ட வார்த்தைகளுக்கும் ஒரு மெட்டு இருக்கிறது என்று தெரிந்தது. சரி, இன்றைக்கு நம்மோடு இரண்டு பேர். லேத் பட்டறைக்குள் ட்ரம்ஸ் போட்டு வாசிக்கிற ‘கழுத்துவலி’ குழுவின் நவநீதன். பகலெல்லாம் பல் பிடுங்கி, மிச்ச நேரத்தில் சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்துகிற டாக்டர் ஜெமிமா. “பல்லு பிடுங்குற சத்தத்த விட இவரு டிரம்ஸ் பரவாயில்ல, பாத்துக்கிடுங்க” என்கிறாள் ஜெமிமா. சிரிக்கிறேன். என் சிரிப்பு ஹெட்ஃபோனில் எனக்கே கேட்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது எந்தப் பெயரில் நிற்கிறாரோ. டீச்சரம்மா பேர் லூர்துமேரி. மாப்பிள்ளை பெயர் பிரசன்னா. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிரசன்னா என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா, ஒரு செகண்டு வேலை, அதற்கு எதற்கு இவ்வளவு தவிப்பு. ஆனால் போய்ச் சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இந்த ரெக்கார்டிங் ஓடுகிறவரை எனக்குத் தெரியாது.

காலையில் எட்டு மணிக்கு உளுந்து வாங்கக் கிளம்பினார். கடை எங்கோ இல்லை, எங்கள் தெருவிலேயே, சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தராசு தெரியும். எட்டுக்குக் கிளம்பிய மனிதர் பத்தே முக்கால்வரை வரவில்லை. நான் மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாய்த்துக்கொண்டிருந்தபோது சாவி திருகுகிற சத்தம் கேட்டது, வந்தார், சட்டை முதுகெல்லாம் வேர்வை, கையில் உளுந்து இல்லை. அப்போது நான் என்ன சொன்னேன். இருங்க, ரெக்கார்டிங் முடிஞ்சு வந்து கேட்டுக்கறேன். விரலைக்கூட ஆட்டினேனோ என்னவோ. கேட்டுக்கறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைக்கிற மாதிரி ஒரு மனிதரை உட்கார வைத்துவிட்டு, மூன்று கார்டு சங்கீதத்தின் சுதந்திரத்தைப் பற்றி உலகத்துக்குப் பேச வந்திருக்கிறேன். கடை காலையிலிருந்து திறந்துதான் இருக்கிறது. எனக்கு ஜன்னலிலிருந்து தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இந்த வீட்டுக்கு வந்த பதினாலு வருஷமாகத் தெரியும், அதையே மறந்துவிட்டுத்தான் பொய்யைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். பொய் எனக்குப் பயமாக இல்லை. பொய் சொல்கிற ஆண்பிள்ளை ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். அந்த இரண்டே முக்கால் மணிநேரம் எங்கே இருந்தார். ஐம்பது அடி தூரத்துக் கடைக்குப் போன மனிதர் எந்தத் தெருவில் நின்றார், யாரிடம் வழி கேட்டார், கேட்கக் கூச்சப்பட்டு எந்தச் சுவரோரமாக நின்று, நடந்து. மார்ச் மாதம் ஸ்கூட்டரைக் காந்தி மார்க்கெட்டில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். படிக்கட்டிலேயே ஆரம்பித்தேன், ஆசீர்வாதம் சார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டார். வண்டிய விட்டுட்டு வந்த ஆளு, என்னை எங்கயாவது விட்டுட்டு வந்தா புண்ணியமாப் போகும். அப்போது சிரித்தார். எப்போதும் சிரிப்பார். பொன்மலை வொர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம், டீசல் இன்ஜின் ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டு மூணாவது சிலிண்டர் சரியில்லை என்று சொல்கிற காது, ரிட்டையராகி இரண்டே வருஷம், அறுபத்திரண்டு ஒரு வயசா.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா, கோவிச்சுக்காதீங்க” என்கிறான் நவநீதன். கேள் என்கிறது வாய். “எங்க பாட்ட பட்டறைலயேதான் ரெக்கார்ட் பண்ணுனோம். பின்னாடி கம்ப்ரஸர் ஓடுது, எங்கப்பா போன்ல ஆர்டர் பேசுறாரு, எல்லாம் அப்படியே இருக்குது. அதான் பாட்டுன்னு போன எபிசோட்ல நீங்களே புகழ்ந்தீங்க. ஆனா உங்க பாட்காஸ்ட்ல ஒரு பல்லி கத்துனதுகூட இல்லீங்களே. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது.” ஜெமிமா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “நானும் சொல்லணும்னு இருந்தேன். எனக்க எபிசோட்ல கிளினிக் பெல்லு அடிக்கும், எனக்க மாமியார் மீன்காரிகிட்ட சண்டை போடுவாங்க. மாமியாருக்குன்னே கேக்குற ஆளு இருக்கு. ஒரு கம்பெனிக்காரன் மெயில் போட்டிருக்கான் தெரியுமா, நாங்க எடுத்து நடத்துதோம், ஆனா சத்தமெல்லாம் சுத்தமா இருக்கணும், அரைமணிக்கு மேல போகப்படாது, கெட்டவார்த்தை கூடாதுன்னு.” “மாமியார என்ன பண்ணச் சொல்றானுங்க?” என்கிறான் நவநீதன். “கத்திரிக்கச் சொல்லுதான்.” “அவனுக்கு எழுதுங்க, மாமியார் இல்லாம நாங்க இல்லீன்னு.” நானும் ஏதோ சொல்கிறேன், நாம் நம் வீட்டிலேயே நம் சத்தத்தில் பேசுவதற்குத்தானே இதை ஆரம்பித்தோம், எவனோ வந்து துடைத்துக்கொடுப்பதற்கா என்று, அழகாகத்தான் சொல்கிறேன். ஆண்குரல்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கொஞ்ச மாசமா. ஏன் கொஞ்ச மாசமா. அந்த மென்பொருள் நான் காட்டியதைத்தானே எடுக்கும். ஃபேனைக் காட்டினால் ஃபேனை எடுக்கும். ஒரு ஆணின் குரலைக் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொன்னால், அந்த மாதிரிக் குரல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கும், நவநீதன் குரலில், முன்னொரு எபிசோடுக்கு வந்த சேலம் பையன் குரலில், எல்லோரிடமும். அப்படியென்றால் இன்றைக்கு மட்டுமில்லை. அப்படியென்றால் ஒவ்வொரு எபிசோடிலும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அங்கே இருந்திருக்கிறார்.

நான் ஹெட்ஃபோன் போட்டுக் கதவைச் சாத்தினால் எனக்கு வீடு கேட்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மணிநேரம், நான் செவிடு. அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நான் கேட்டுவிடுவேன், என்ன முணுமுணுப்பு என்பேன், வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா என்பேன். மைக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது, அது வாய்க்கு முன்னால் பேசுவதை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்திருப்பார். நவநீதன் ஏதோ ஒரு கிட்டார் பெடலைப் பற்றி ஆரம்பிக்கிறான், ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்கு நிறுத்தமாட்டான், ஜெமிமாவும் சேர்ந்துகொள்வாள். என் சத்தம் அவர்களுக்குப் போகாமல் அடைத்துவிட்டு, அந்த ஒரு நிமிஷங்களை வைத்திருக்கிற பழைய கோப்புகளைத் திறந்து, சத்தத்தை முழுக்க ஏற்றுகிறேன். எண் போட்டு வைத்திருக்கிறேன், எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சுத்தம். ஒன்றிலிருந்து எட்டுவரை ஒன்றுமில்லை, காக்கை, பைக், யாரோ துணி துவைக்கிற சத்தம். ஒன்பதில் இருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன்னால். ஒன்பதில் பன்னிரண்டு வீட்டையும் சொல்கிறார், பிள்ளைகள் பெயரோடு, லூர்துமேரி டீச்சர் என்று கணீரென்று, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி, முடித்துவிட்டு ம் என்று ஒரு சின்னத் திருப்தி. பதின்மூன்றில் மேல்மாடி இல்லை. பதினாறில் பிள்ளைகள் இல்லை. இருபதில் பிரசன்னாவைப் பிரகாஷ் என்கிறார், இல்லை என்கிறார், பிரபாகர் என்கிறார். என் விரல் அடுத்ததை அழுத்துகிறது, அழுத்தாதே என்று சொல்லிக்கொண்டே அழுத்துகிறது, பல்வலியில் நாக்கு அந்தப் பல்லையே போய்த் தொடுகிற மாதிரி. நடுவே பதினெட்டை விட்டுவிட்டேன். பதினெட்டு எந்தத் தேதி. தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் இவர் தன் இலையை விட்டுப் பக்கத்து இலைக்குக் கை நீட்டினார், நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மூளைய வொர்க்‌ஷாப்லயே கழட்டி வெச்சுட்டுத்தான் இவர ரிட்டையர் பண்ணி அனுப்பிச்சாங்க என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. நல்ல டைமிங் அக்கா உங்களுக்கு என்றார் தங்கை புருஷன். பதினெட்டை அழுத்துகிறேன். பெயர் எதுவும் இல்லை அதில். “மூளைய வொர்க்‌ஷாப்லயே கழட்டி வெச்சுட்டாங்க” என்கிறார். சிரிக்கிறார். சிரிப்பு சரியாக வரவில்லை என்று மறுபடி. “என் மூளை எங்க, வொர்க்‌ஷாப்லதான இருக்கு.” மறுபடி சிரிப்பு. எதற்கு இது என்று ஒரு கணம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. அடுத்தமுறை நாலு பேர் நடுவில் ஏதாவது நழுவினால், நான் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதற்கு. தானே சொல்லிவிட்டால் நான் சொல்லமாட்டேன் என்று. அந்த ஒரு நிமிஷத்தையும் காட்டி நான் இதுதான் இரைச்சல் என்றேன்.

மெத்தை வைத்த அறையில் காற்று இல்லை. ஜாக்கெட் முதுகு நனைந்து நாற்காலியோடு ஒட்டுகிறது. இந்த வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் படிப்போம், அந்தப் பக்கத்தை நான்தான் எண்ணெய்ப் பலகாரத்துக்கு அடியில் போடுவேன். பெயரைச் சொல்லாதே. தூக்கமில்லாவிட்டால்கூட மறதி வரும், பி12 குறைந்தால் வரும், ஊசி போட்டால் சரியாகும், ஆசீர்வாதம் சார் சம்சாரத்துக்கு சரியாயிற்று. ஏழு மாதமாகவா தூக்கமில்லை. குறட்டை விடுகிறாரே. குறட்டை விடுகிறாரா, நான்தான் படுத்தவுடன் தூங்குகிறவளாயிற்றே, எனக்கு என்ன தெரியும். என்னால் முடியாது, இதுதான் உண்மை, யாரிடமும் சொல்லமுடியாத உண்மை, பயம் அவரைப் பற்றி மட்டுமில்லை. நான் பொறுமைசாலி இல்லை. க்யூவில் நிற்கமாட்டேன், பால் பொங்கக் காத்திருக்கமாட்டேன், அவர் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிக்க விட்டதே கிடையாது, நடுவிலேயே பிடுங்கி நான் முடித்துவிடுவேன், கல்யாணமான புதிதில் அது செல்லம், பிறகு பழக்கம், பிறகு. இந்துவுக்கு ஜுரம் வந்தால் ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது அவர்தான். என்னைப் போன்றவளிடமா இப்படி ஒரு மனிதரைக் கொடுப்பது. நாளைக்கு என்னையே யார் என்று கேட்டால், நான் அழமாட்டேன், எரிந்து விழுவேன், அதுதான் பயமாக இருக்கிறது. நான் யாருன்னா, நல்லா இருக்கே கதை, முப்பது வருஷம் வடிச்சுக் கொட்டினவடா நான் என்று கேட்டுவிடுவேன். கேட்டுவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒருவேளை அவர் பயிற்சி எடுப்பதே வியாதிக்காக இல்லையோ. பரிசோதகருக்குப் பயந்து டிக்கெட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிற பயணி மாதிரி, என் ஒருத்திக்காக. வேறு ஒருத்தியைக் கட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார், ஏம்மா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா என்று. ஏழு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்பார்கள். ஏழு மாதத்தில் எத்தனை வீடு போய்விட்டது. மேல்மாடி முழுக்கப் போய்விட்டது. நான் சத்தம் போட்டே அவரை ஊமையாக்கியிருக்கிறேன், இதை நான் நினைக்கவில்லை, யாரோ நினைக்கிறார்கள், நிறுத்து.

“வத்சலாம்மா? உங்க சத்தமே இல்லியே.” ஜெமிமா. அடைப்பை எடுக்கிறேன். இருக்கேன் இருக்கேன், பெடல் கதையில மயங்கிட்டேன். “பார்த்தீங்களா, அக்காவையே தூங்க வெச்சுட்டேன்” என்கிறான் நவநீதன். சரி, கடைசி ரவுண்டு, புதிதாகப் பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள். கேள்வி கேட்டுவிட்டேன், இனி அவர்கள் பாடு, இது முடிந்ததும் நன்றி, வணக்கம், ஹெட்ஃபோனைக் கழற்ற வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், அங்கே ஒருவர் பதிலோடு தயாராக இருப்பார், நானும் கேள்வியோடு போகவேண்டும். ஜெமிமா பேசுகிறாள், மைக்கு விலை முக்கியமில்ல, அலமாரிக்குள்ள தலைய விட்டுப் பேசினாலும் போதும், ஆனா நிறுத்தக்கூடாது, அஞ்சு பேரு கேட்டாலும். பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்துகிறாள். தலையைச் சாய்க்கிறாள். “வத்சலாம்மா, உங்க பக்கத்துல யாரோ பேசுதாங்களோ?” மைக்கின் திருகு. முழுக்கத் திருப்பியதைத் திரும்பக் குறைக்கவில்லை. இத்தனை நேரமும் திறந்தே இருந்திருக்கிறது. இல்லையே என்கிறேன், கீழ் வீட்டு டிவியா இருக்கும். “டிவி இல்லீங்க்கா” என்கிறான் நவநீதன், கண்ணை மூடிக்கொண்டு, ட்ரம்ஸ்காரன் காது. “ஒரே வரிய திருப்பித் திருப்பி வேற வேற மாதிரி சொல்றாங்க. நாடகத்துக்கு மனப்பாடம் பண்ற மாதிரி. கடை பூட்டியிருந்துச்சுன்னு.” இரண்டு அந்நிய ஊர்களில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒரே வீட்டில் ஏழு மாதமாக நான் கேட்கவில்லை. “நல்லாருக்குதுங்க்கா, இத வெட்டீராதீங்க, இருந்துட்டுப் போகட்டும்” என்கிறான். அது எங்க வீட்டுக்காரர் என்றேன். அவ்வளவு சிரமமில்லாமல்தான் வந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தேன், அதற்குள்ளிருந்து அவர்களுடைய குரல் எறும்பு சைஸில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

கதவுக்கும் படுக்கையறைக்கும் ஏழெட்டு அடிதான். என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. கோபமான முகம் எனக்கு வரும், கேலி முகம் வரும், அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகிற முகம்கூட வரும். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், காலையில் போட்ட வெளிச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை, என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தைத் தொடைக்கு அடியில் தள்ளினார். முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி உட்காருகிறார்.

“முடிஞ்சுதா? சத்தம் கித்தம் வந்துதா உனக்கு?”

“இல்ல.”

“கடை பூட்டியிருந்துச்சு வத்சலா” என்றார். நன்றாகத்தான் வந்தது, தடங்கல் இல்லாமல், எங்கும் தட்டாமல். என் பதிலுக்காகப் பார்த்தார். ஜன்னல்லேருந்து பாத்தேனே என்ற வாக்கியம் முழுசாக, சூடாக, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்குவது மாத்திரை விழுங்குகிற மாதிரி இல்லை, கல்லை விழுங்குகிற மாதிரி. என் வாய் அசையாமல் இருந்ததைப் பார்த்து அவருக்குத்தான் கலவரமாகிவிட்டது. வழக்கமாக இந்நேரம் நான் மூன்றாவது வாக்கியத்தில் இருப்பேன்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?” என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“கடை தொறந்துதான் இருந்துச்சு” என்றார். “நான் அங்க போகல. டாக்டர்ட்ட போனேன். போன வாரமே சீட்டு வாங்கி வெச்சிருந்தேன். உனக்கு ரெக்கார்டிங் இருக்கு, நீ கவனிக்கமாட்டேன்னு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “தொலைஞ்சு போயிடல. கரெக்டா போயிட்டு கரெக்டா வந்துட்டேன். பஸ் நம்பர்கூட.”

எதைச் சொன்னாலும் அது பழைய குரலில்தான் வரும் என்று பயமாக இருந்தது.

“அவரு நெறைய கேள்வி கேட்டாரு. அப்புறம் தனியா வராதீங்க, வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னாரு. நீ வருவியா?”

“வரேன்.”

“ஸ்கேன் எடுக்கணுமாம். வர்ற...” என்று ஆரம்பித்தார்.

காகிதத்தைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். மடிப்பு பிரிந்து எழுத்து என் பக்கமாகத் திரும்பியிருந்தது. வியாழன் காலை 10 மணி. நின்ற இடத்திலிருந்தே எனக்குப் படிக்க முடிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை, கையை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார், நெற்றியில் அந்த நரம்பு எழுந்தது, இன்ஜின் சத்தத்தைக் கேட்கும்போது எழும் நரம்பு. “வர்ற செவ்வா” என்றார். “இல்ல.” என் உதடு பிரிந்துவிட்டது. முப்பது வருஷத்து உதடு.

“நீ சொல்லாத” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய்க்குள் அந்த நாளை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தார்கள்.

“இரு” என்றார். “வந்துட்டே இருக்கு.”